ஒரு கிராம் நான்கு கிலோவாக இழுக்கும் இடம்: விமான எஞ்சினில் எடை குறைந்த வெப்ப உலோகங்கள்

விமான எஞ்சினுக்கான புதிய உலோகக்கலவை ஒன்றைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் தலைப்பில் இரண்டு எண்கள் நிற்கும். எத்தனை டிகிரி வெப்பம் தாங்கும் என்பது ஒன்று. பழைய உலோகத்தைவிட எவ்வளவு எடை குறைவு என்பது மற்றொன்று. அந்த உலோகம் எஞ்சினுக்குள் போகுமா, போகாதா என்பதைத் தீர்மானிக்கும் மூன்றாவது எண் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. உடைவதற்கு முன் அந்த உலோகம் எவ்வளவு நீளும் என்பதே அந்த எண். டைட்டானியம் அலுமினைடு என்ற கலவை ஆய்வுக்கூடத்திலிருந்து பயணிகள் விமானத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதற்கும், வந்த பிறகு ஓர் எஞ்சினிலிருந்து அகற்றப்பட்டதற்கும் அந்த எண்தான் காரணம்.

முதலில், எடையைக் குறைக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்ற கேள்வி. விமானம் சுமக்கும் எந்தப் பொருளின் எடை குறைந்தாலும் எரிபொருள் மிச்சமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுழலும் பாகத்தின் எடை வேறு கணக்கு. சூடான வாயு மோதிச் சுழற்றும் பகுதியான டர்பைனில், வட்டு ஒன்றின் மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பிளேடு இருப்பதாகவும், வட்டு நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்வதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 4,200 மடங்கு. அதாவது பிளேடில் உள்ள ஒவ்வொரு கிராமும் வட்டை நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு பிளேடிலும் 100 கிராம் குறைத்தால் அதன் வேரில் விழும் இழுவையில் 400 கிலோவுக்கு மேல் குறையும். ஒரு வட்டில் நூறு பிளேடுகள் இருந்தால் மொத்தம் 40 டன்னுக்கு மேல்.

இந்த 40 டன்னைப் பிடித்து நிறுத்தும் வேலை வட்டுடையது. இழுவை குறைந்தால் வட்டு மெலியலாம். வட்டு மெலிந்தால் அதைத் தாங்கும் தண்டும் தாங்கிகளும் மெலியலாம். பிளேடு பிய்ந்து பறந்தால் அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய வெளி உறையும் சற்று மெலியலாம். பிளேடில் மிச்சப்படுத்திய ஒரு கிலோ எஞ்சின் முழுவதிலும் பரவிப் பல கிலோக்களாகத் திரும்பிக் கிடைக்கிறது. நொறுங்கிப்போகும் இயல்புள்ள ஓர் உலோகத்தை விடாப்பிடியாகப் பல தலைமுறை ஆய்வாளர்கள் துரத்தியதற்கு இந்தப் பெருக்கம்தான் காரணம்.

நிக்கலின் ஆட்சி

ஜெட் எஞ்சினின் வரலாற்றை உலோகத்தின் வரலாறாகவும் எழுதலாம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் யூமோ 004 எஞ்சினை உருவாக்கியவர்களுக்குப் போதிய நிக்கல் கிடைக்கவில்லை. கிடைத்த எஃகுக் கலவைகளை வைத்துச் சமாளித்தார்கள். அந்த எஞ்சின்களின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம்தான். அதே காலத்தில் பிரிட்டனில், ஜெட் எஞ்சின் முன்னோடி ஃபிராங்க் விட்டில் வடிவமைத்த எஞ்சின்களின் தேவையை ஒட்டி நிமோனிக் 80 என்ற நிக்கல் கலவை 1940களின் தொடக்கத்தில் உருவானது. உயர் வெப்பத்திலும் வலிமை குறையாத இன்றைய நிக்கல் கலவைகளான சூப்பர் அலாய்களுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

அதற்குப் பிறகு நிக்கலை யாரும் அசைக்க முடியவில்லை. பளு தொடர்ந்து இழுக்கும்போது சூடான உலோகம் மெதுவாக, நாள்கணக்கில் நீண்டுகொண்டே போகும். இதற்கு ஊர்வு என்று பெயர். டர்பைன் பிளேடு சில மில்லிமீட்டர் நீண்டாலே வெளி உறையை உரசிவிடும். படிகத் துணுக்குகளின் எல்லைகள் ஊர்வுக்கு வழிவிடுகின்றன என்பது புரிந்ததும், எல்லைகளே இல்லாமல் பிளேடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அத்தகைய பிளேடுகளைப் பயணிகள் விமான எஞ்சினில் வைத்தது. உள்ளே குளிர்காற்று ஓடும் நுண்குழாய்கள், மேலே வெப்பத்தைத் தடுக்கும் சிர்கோனியாப் பீங்கான் பூச்சு எனப் பாதுகாப்புகளைச் சேர்த்ததால், தன் உருகுநிலையைவிடக் கூடுதல் வெப்பமுள்ள வாயுவின் நடுவே இந்தப் பிளேடு ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கிறது. மனிதர் செய்யும் பொருள்களில் இதைவிட வியப்பானவை அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இதற்குக் கொடுத்த விலை எடை. வெப்பத் தாங்குதிறனைக் கூட்ட டங்ஸ்டன், டான்டலம், ரீனியம் என்று கனமான தனிமங்களைக் கலந்துகொண்டே போனார்கள். ரீனியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21 கிராம். ஏறத்தாழ 3 விழுக்காடு ரீனியம் கொண்ட சிஎம்எஸ்எக்ஸ்-4 கலவையின் அடர்த்தி 8.7, 6 விழுக்காடு கொண்ட சிஎம்எஸ்எக்ஸ்-10 கலவையில் அது 9-ஐத் தாண்டிவிட்டது. வெப்பத்தில் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதியை வட்டின் மீது ஏறிய கூடுதல் இழுவை தின்றுவிடுகிறது.

எஞ்சினின் முன்பகுதியில் கதை வேறு. அங்கே காற்று இன்னும் சூடாகவில்லை. அடர்த்தி 4.5 கொண்ட டைட்டானியக் கலவைகள் விசிறியிலும் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் முதல் அடுக்குகளிலும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டைட்டானியம் ஆக்சிஜனை உறிஞ்சி மேற்பரப்பில் நொறுங்கும் படலமாகிவிடும். அதோடு ஓர் அச்சமும் உண்டு: சூடான, அழுத்தம் மிகுந்த காற்றில் டைட்டானியப் பிளேடு உறையை உரசினால் உலோகமே தீப்பற்றும். எனவே 600 டிகிரிக்குக் கீழே டைட்டானியம், மேலே நிக்கல் என்று எஞ்சின் நெடுங்காலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த எல்லைக்கோட்டில் அடர்த்தி 4.5-லிருந்து எட்டுக்கு மேல் ஒரே தாவலாகத் தாவுகிறது.

இடைவெளியில் நின்ற கலவை

டைட்டானியம் அலுமினைடு அந்தத் தாவலுக்கு நடுவே வந்து நிற்கும் பொருள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4 கிராம் அளவில், அதாவது சாதாரண டைட்டானியத்தையும்விடக் குறைவு, நிக்கல் கலவையில் பாதி. சுமார் 750 டிகிரி வரை ஊர்வைத் தாங்கும். 1956-லேயே மெக்ஆண்ட்ரூ, கெஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள், எடையில் 36 விழுக்காடு அலுமினியம் சேர்த்த டைட்டானியத்தை உயர்வெப்பக் கலவைக்கு அடிப்படையாகக் கொள்ளலாம் என்று எழுதினார்கள். அலுமினிய அணு இலகுவானது. எடையில் 36 விழுக்காடு என்றால் அணுக்களின் எண்ணிக்கையில் சரிபாதி.

இந்தப் பாதிக்குப் பாதி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கமான கலவையில் ஒரு தனிமத்தின் அணுக்களுக்கு நடுவே மற்றொன்றின் அணுக்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். டைட்டானியம் அலுமினைடில் அப்படியில்லை. ஒரு தளம் முழுக்க டைட்டானியம், அடுத்த தளம் முழுக்க அலுமினியம், மறுபடி டைட்டானியம் என்று ஒழுங்கு குலையாமல் அடுக்கப்பட்டிருக்கும். உலோகம் வளைகிறது என்றால் உள்ளே அணுத்தளங்கள் ஒன்றின் மீது ஒன்று வழுக்குகின்றன என்று பொருள். இங்கே ஒரு தளம் ஓர் அணுத் தூரம் வழுக்கினால் அலுமினியத்துக்கு எதிரே இருக்க வேண்டிய அணு இடம் மாறி ஒழுங்கு கெடும். அதற்கு ஆற்றல் அதிகம் தேவை. அணுக்கள் இடம்விட்டு இடம் பரவுவதும் மெதுவாகவே நடக்கும். ஆகவே சூட்டிலும் இந்தப் பொருள் தன் வடிவத்தை விடாது.

அதே காரணத்தால்தான் குளிர்ந்த நிலையில் அது வளைந்தும் கொடுப்பதில்லை. அறை வெப்பநிலையில் இழுத்தால் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு நீளும், பிறகு உடையும். சாதாரண டைட்டானியக் கலவைகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீளக்கூடியவை. பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து வருவதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எளிதில் நீக்கிவிட முடியாது. இதைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த விளக்கமும் அரைகுறை என்றுதான் சொல்வேன்.

செய்யக்கூடியது, நுண்ணமைப்பைச் சீர்செய்வது. அலுமினியத்தைச் சரிபாதிக்குச் சற்றுக் கீழே வைத்தால், அலுமினியம் குறைந்த இரண்டாவது வகைப் படிகமும் உருவாகி, இரண்டு வகையும் மெல்லிய ஏடுகளாகச் சீட்டுக்கட்டு போல மாறி மாறி அடுக்கிக்கொள்கின்றன. விரிசல் ஒன்று புறப்பட்டால் ஒவ்வோர் ஏட்டின் எல்லையிலும் திசை மாற வேண்டியிருக்கும். அலுமினியத்தில் ஓர் அணு விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் இந்த அமைப்பு கண்கூடாக மாறிவிடும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க எஞ்சின் நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வாளர்கள் வந்தடைந்த சேர்க்கை இது: நூறு அணுக்களில் 48 டைட்டானியம், 48 அலுமினியம், 2 குரோமியம், 2 நியோபியம். குரோமியம் சற்றே நீட்சி தருகிறது. நியோபியம் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. அணுக்களில் பாதி அலுமினியம் என்பதால் மேலே காப்பான அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலம் தானே உருவாகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆக்சிஜனோடு சேர டைட்டானியமும் அதே வேகத்தில் போட்டியிடுவதால், இரண்டு ஆக்சைடுகளும் கலந்த, அவ்வளவு காப்பில்லாத படலமே கிடைக்கிறது. 750 டிகிரியைப் பெரிதாகத் தாண்ட முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்ப்பதே ஒரு போராட்டம்

சேர்க்கையைக் கண்டுபிடித்தது பாதி வேலை. இதை உருக்குவது எப்படி? உருகிய டைட்டானியம் அலுமினைடு எந்தப் பீங்கான் கலத்தில் வைத்தாலும் அந்தக் கலத்தையே அரிக்கும். கலத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் சேர்ந்தால் ஏற்கனவே குறைவான நீட்சி இன்னும் குறையும். இதற்குக் கண்ட வழி வியப்பூட்டுவது. தண்ணீர் ஓடிக் குளிரும் செம்புக் கலத்துக்குள் உலோகத்தைப் போட்டு, மின்காந்தத் தூண்டலால் உருக்குகிறார்கள். குளிர்ந்த செம்புச் சுவரைத் தொடும் உலோகம் உடனே உறைந்து ஓடாகிவிடும். அந்த ஓட்டுக்குள்ளேயே மீதி உலோகம் உருகி நிற்கும். உருகிய உலோகத்தைத் தொடுவது அதே உலோகத்தின் உறைந்த தோல் மட்டுமே என்பதால் மாசு சேர வழியில்லை.

ஆனால் செம்புச் சுவர் வெப்பத்தை ஓயாமல் உறிஞ்சுவதால் உருகிய உலோகத்தை உருகுநிலைக்கு மேலே அதிகம் சூடேற்ற முடியாது. ஊற்றியதும் உறையத் தொடங்கிவிடும். பிளேடின் மெல்லிய ஓரங்களுக்குள் போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். எனவே தொடக்கத்தில் தேவையைவிடத் தடிமனாக வார்த்து, பிறகு கடைந்து எடுத்தார்கள். நொறுங்கும் உலோகத்தைக் கடைவது எவ்வளவு நிதானம் கேட்கும் வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வார்ப்பினுள் தங்கும் நுண்துளைகளை அழிக்க, ஒவ்வொரு பிளேடையும் உயர் அழுத்த வாயுவில் சூடாக்கி அமுக்குவது தனி வேலை.

வேறொரு வழியும் பிறகு திறந்தது. வெற்றிடத்தில், தூள் படுக்கையை ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடாக வைத்துக்கொண்டு, எலெக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கிப் பிளேடை வளர்ப்பது. லேசர் முறையில் சூடான புள்ளிக்கும் குளிர்ந்த சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த உலோகத்தை விரிசல் விடச் செய்யும். எலெக்ட்ரான் முறையில் படுக்கை முழுவதும் சூடாக இருப்பதால் அந்த இடர் குறைகிறது. இத்தாலியின் காமெரி நகரில் உள்ள ஏவியோ ஏரோ ஆலை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜிஇ9எக்ஸ் எஞ்சினின் பிளேடுகளை இப்படித்தான் செய்கிறது. அந்த எஞ்சினுக்கு 2020-ல் அமெரிக்கச் சான்றிதழ் கிடைத்தது. முப்பரிமாண அச்சு பற்றி எழுதப்படும் மிகை வாக்குறுதிகளுக்கு நடுவே, அந்த முறை இல்லாமல் செய்யக் கடினமான ஒரு பொருளுக்கு அது உண்மையிலேயே கைகொடுத்த இடம் இது.

சரியான இடம், தவறான இடம்

நம்பிக்கை வந்தது சோதனையில். 1993-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் சிஎஃப்6 எஞ்சின் ஒன்றின் குறைந்த அழுத்த டர்பைனில் (வாயு கடைசியாகக் கடக்கும் டர்பைன் அது) ஒரு வட்டு முழுவதும், 98 பிளேடுகளை, இந்தக் கலவையில் வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புச் சுழற்சிகளுக்கு நிகராக ஓட்டிப் பார்த்தது. பிளேடுகள் தாக்குப்பிடித்தன. அப்படியும் வணிகப் பயன்பாட்டுக்கு வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2008-ல் சான்றிதழ் பெற்று 2011, 2012-ல் போயிங் 747-8, 787 விமானங்களோடு சேவைக்கு வந்த ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினின் கடைசி டர்பைன் அடுக்குகளில் அது முதன்முதலாக இடம்பிடித்தது.

ஏன் கடைசி அடுக்குகள்? எரியறையை அடுத்த உயர் அழுத்த டர்பைனில் இந்த உலோகம் நிமிடக்கணக்கில்கூட நிற்காது. வாயு பல அடுக்குகளில் ஆற்றலை இழந்து, 750 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே இதற்கு இடம். அந்தக் கடைசி அடுக்குகளின் பிளேடுகள்தான் மிக நீளமானவை. வெப்பம் குறைந்த இடமும் எடை மிகுந்த இடமும் ஒன்றாக அமைந்தது இந்த உலோகத்துக்கு வாய்த்த நல்வாய்ப்பு. "நிக்கலுக்கு மாற்று வந்துவிட்டது" என்று எழுதுவது தவறு. நிக்கலின் ஆட்சிப்பரப்பில் வெப்பம் குறைந்த ஓரத்தில் ஒரு பகுதி கைமாறியது, அவ்வளவுதான்.

ஓரமாக இருந்தாலும் அதிலும் இடர் உண்டு என்பதைப் பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி எஞ்சின் காட்டியது. இது பற்சக்கரப் பெட்டி கொண்ட எஞ்சின். விசிறி மெதுவாகவும், அதை ஓட்டும் குறைந்த அழுத்த டர்பைன் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகவும் சுழலும். வேகம் கூடினால் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். எனவே இலகுவான பிளேடின் ஆதாயம் இங்கே இன்னும் பெரிது. ஜெர்மனியின் எம்டியூ நிறுவனம், ஆஸ்திரியாவின் லேயோபென் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் கிளெமென்ஸ் குழுவோடு சேர்ந்து உருவான டிஎன்எம் என்ற கலவையை எடுத்துக்கொண்டது. நியோபியமும் மாலிப்டினமும் சேர்ந்து, சூட்டில் மென்மையாகும் ஒரு படிக வகையை அதில் நிலைக்கச் செய்கின்றன. அதனால் அதை வார்க்காமல் சூடாக அடித்து உருவாக்க முடிந்தது. மூன்றாவது, கடைசி அடுக்கின் பிளேடுகள் அதில் செய்யப்பட்டன. 2016 ஜனவரியில் ஏர்பஸ் ஏ320நியோ விமானத்தில் எஞ்சின் பறக்கத் தொடங்கியது.

பிறகு பறப்பின் நடுவே எஞ்சின்களை அணைக்க வேண்டிய நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாம் அடுக்குப் பிளேடுகள் உடைந்திருந்தன. எஞ்சினின் முன்பகுதியிலிருந்து பிய்ந்து வரும் துண்டுகள் மோதும்போது அந்தப் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிட எளிதில் சேதமாயின என்பது தெரிய வந்தது. நிக்கல் பிளேடாக இருந்திருந்தால் நசுங்கி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பழுதுபார்ப்பின்போது பிடிபட்டிருக்கும். 2019, 2020-ல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் விமானப் பாதுகாப்பு அமைப்புகள் அந்தப் பிளேடுகளை மாற்ற உத்தரவிட்டன. அவற்றின் இடத்தில் மறுபடியும் நிக்கல் பிளேடுகள் வந்தன.

இதைக் கலவையின் தோல்வி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த கலவை ஜிஇஎன்எக்ஸில் பறந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு, சுழலும் வேகத்தில் பெருமளவு இருக்கிறது என்பது என் கணிப்பு. மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடும். பிளேடு வேகமாகச் சுழலச் சுழல, நடுவழியில் மிதந்து வரும் ஒரு சிறு துண்டு அதன் மீது அத்தனை கடுமையாக விழும். இலகுவான பிளேடுக்கு எங்கே தேவை மிக அதிகமோ, அங்கேதான் நொறுங்கும் இயல்பின் ஆபத்தும் மிக அதிகம். எடை, வெப்பம் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் இந்த முரண் கண்ணில் படாது.

இதே எச்சரிக்கை பீங்கான் கூட்டுப்பொருள்களிலும் தெரிகிறது. சிலிக்கான் கார்பைடு இழைகளைச் சிலிக்கான் கார்பைடிலேயே பதித்துச் செய்யும் இந்தப் பொருளின் அடர்த்தி நிக்கலில் மூன்றில் ஒரு பங்கு. தாங்கும் வெப்பம் 1,300 டிகிரி அளவில். லீப் என்ற பயணிகள் விமான எஞ்சினில் உயர் அழுத்த டர்பைனைச் சுற்றியுள்ள உறைத்துண்டுகள் இதனால் ஆனவை. ஜிஇ9எக்ஸில் எரியறையின் உட்புறம், வாயுவைத் திருப்பிவிடும் அசையாத தகடுகள் ஆகியவையும் இதில் செய்யப்படுகின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை எதுவும் சுழல்வதில்லை. மையவிலக்கு இழுவை இல்லாத வேலையைத்தான் முதலில் கொடுத்திருக்கிறார்கள்.

நியோபியம் சிலிசைடு, மாலிப்டினம் சிலிசைடு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் நிக்கலைவிடக் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் பல பத்தாண்டுகளாக ஆராயப்படுகின்றன. காற்றில் சூடாகும்போது ஆக்சிஜனேற்றமும், குளிரில் நொறுங்குவதும் அங்கும் தடை. மாலிப்டினம் சிலிசைடு 500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தூளாகவே உதிர்ந்துவிடக்கூடும். இவற்றில் எதுவும் பயணிகள் விமானத்தின் டர்பைனுக்கு வரவில்லை.

டைட்டானியம் அலுமினைடில் என் கவனத்தை மிகவும் ஈர்த்த முன்னேற்றம் 2016-ல் சீனாவின் நான்ஜிங்கில் சென் குவாங் குழு வெளியிட்டது. நூறு அணுக்களில் 45 அலுமினியம், 8 நியோபியம் கொண்ட கலவையை, ஏடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும்படி ஒற்றைப் படிகத் தண்டாக வளர்த்தார்கள். அறை வெப்பநிலையில் அது 6.9 விழுக்காடு நீண்டது. வழக்கமான ஒன்று, இரண்டு விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது பெரும் தாவல். வலிமையும் குறையவில்லை. ஆனால் ஏடுகளின் போக்கில் இழுக்கும்போது கிடைத்த எண் அது. குறுக்கே இழுத்தால் ஏடுகள் பிரிந்துவரும் இயல்பு இருக்கவே செய்கிறது. டர்பைன் பிளேடோ முறுக்கியும் வளைந்தும் இருப்பது. வேரில் ஒரு திசையில் இழுபடும், மோதலின்போது வேறு திசையில் அடிபடும். ஆய்வுக்கூடத்துச் சிறு தண்டில் கிடைத்த அந்த நீட்சி, முழு நீளப் பிளேடில், எல்லாத் திசையிலும் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிடபிள்யூ1100ஜி போன்று வேகமாகச் சுழலும் டர்பைன்களுக்கு இந்தக் கலவை திரும்பி வருவதும், 600 டிகிரியைத் தாண்டும் கம்ப்ரசரின் கடைசி அடுக்குகளுக்கு அது போவதும் அந்தச் சோதனையின் விடையைப் பொறுத்தவை.